நாலு கஜத்தில் பார்த்தவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் டயர் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் மனைவியின் வேலையைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் வருகிற கோபம் வேறு ரகம். அவள் டிவியில் கோல்ஃப் வர்ணனை செய்கிறவள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, இருபத்திரண்டு வருஷமாக.

வர்ணனை என்றதும் ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாற்காலி வேறு. இவள் மைதானத்தில், ஆட்டக்காரர்கள் பின்னாலேயே நடக்கிறவள். காதில் ஒரு கருவி, இடுப்பில் பேட்டரிப் பெட்டி, கையில் மைக். ஆடுகிறவர் மட்டையை ஓங்கும்போது ஈ பறந்தாலும் முறைப்பார். அதனால் இவள் பேசுவதெல்லாம் ரகசியம் சொல்கிற குரலில்தான். கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு 'ரகசியம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் அவள் என்னைக் கூப்பிட்டால் நாலு வீடு தள்ளி ஒருவர் "என்ன?" என்று கேட்பார். அது இவர்களுக்கு எங்கே தெரியும்?

சேனலில் ஸ்கோர் தட்டச்சு செய்யத்தான் முதலில் சேர்ந்தாள். ஒரு போட்டியன்று மைதானத்தில் பேசவேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். இவள் போய், "நான் பாக்குறதை மட்டும் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அதுதான் அவள் பாணி. போட்டிக்கு மூன்று நாள் முன்பே போய்ப் பதினெட்டுக் குழிகளையும் சுற்றி நடந்து, எங்கே புல் அடர்த்தி, எங்கே சரிவு என்று நோட்டில் குறித்துக்கொள்வாள். வருஷத்துக்கு நாலு ஜோடி ஷூ தேயும். முட்டி வலிக்கு நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இந்த வருஷம் அந்த ஏசி அறை நாற்காலி காலியானது. தலைமை வர்ணனையாளர் பதவி. அதற்கு இரண்டே பேர்தான். ஒன்று இவள், இன்னொருவர் ஆடி ஓய்வுபெற்ற ஒரு பழைய வீரர். பெரிய போட்டி முடிந்த மறுநாள் முடிவைச் சொல்வதாக டைரக்டர் சொல்லியிருந்தார். அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

"மட்டையைக் கையால தொடாதவளுக்கு அந்த சீட்டை எப்படி மாப்பிள்ளை குடுப்பாங்க?" என்றார் மச்சான். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், சிமெண்ட் வியாபாரம் செய்கிறவர். போட்டியின் கடைசி நாள் பார்க்க என் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சிமெண்ட்டைத் தின்னு பாத்துட்டா விக்கிறீங்க?" என்றேன். அவர் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எங்கள் ஊர்க்காரன் ஒருவன், எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடும் ஆட்டக்காரன், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் முன்னணியில் இருந்தான். கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவனுக்குத்தான் கோப்பை. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூட வண்டியை மறந்து டிவி முன்னால் நின்றார்கள். பதினாறாவது குழியில் நெட்டையின் பந்து மரத்தடியில் உயரமான புல்லுக்குள் போய் விழுந்தது. கேமராவில் அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தான், அடித்தான். பந்து அழகாக எழும்பிப் பறந்தது. கடை முழுக்கக் கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது. "அடிக்கிறதுக்கு முன்னாடியே பந்து நகர்ந்திருச்சு. மட்டையைப் புல்லுல வெச்சப்ப அரை விரல் அளவு கீழே இறங்குச்சு."

ஆடுகிறவரின் மட்டை பட்டோ புல்லை அழுத்தியோ பந்து நகர்ந்தால், எடுத்துப் பழைய இடத்தில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். அப்படியே அடித்தால் இரண்டு அடி தண்டனை. இரண்டு அடி கூடினால் நெட்டைக்குக் கோப்பை போச்சு.

"அந்தம்மாவுக்குக் கண்ணு கெட்டுப்போச்சா?" என்று கடைக்குப் புதிதாக வந்த ஒருவன் கத்தினான். அவன் வண்டிச் சக்கரத்தைக் கழற்றினபடியே விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் அவள் காதுக்குள் டைரக்டர் பேசிக்கொண்டிருந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். "கேமராவுல ஒண்ணுமே தெரியலை. 'நான் தப்பாப் பாத்திருக்கலாம்'னு ஒரு வார்த்தை சொல்லி முடிச்சிடும்மா. நாளைக்கு சீட் விஷயம் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

டிவியில் நாங்கள் கேட்டது இதுதான். "கேமரா அவருக்குப் பின்னால இருக்கு. நான் எதிர்ல, நாலு கஜத்துல நிக்கிறேன். பந்து நகர்ந்தது."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு, எல்லாம் போச்சு! கம்முனு இருந்திருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும் இவளுக்கு?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்வானேன்.

நெட்டை அதே ஒரு அடி முன்னணியில் முடித்தான். ஆனால் ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போடும் அறைக்குள் போனவன் வெளியே வர வெகுநேரம் ஆனது. அவன் வரும்போது பலகையில் அவன் கணக்கில் இரண்டு அடி கூடியிருந்தது. கோப்பை அடுத்தவனுக்கு. வெளியே வருகிற ஆட்டக்காரரிடம் மைக்கை நீட்டுவது மைதானத்தில் நடந்தவருடைய வேலை, அதாவது இவளுடைய வேலை. கூட்டம் ஊளையிட்டது. அவள் நேராக அவனிடம் போனாள்.

"உங்க ஸ்கோர்ல ரெண்டு அடி கூடியிருக்கு. ஏன்னு சொல்ல முடியுமா?"

நெட்டை முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பந்து நகர்ந்ததை நான் பாக்கலைங்க. என் கண்ணு குழியில நட்ட கொடி மேல இருந்துச்சு. நடுவருங்க வீடியோவைப் பத்து தடவை போட்டாங்க, அதுலயும் ஒண்ணும் தெரியலை. யாரு பாத்ததுன்னு கேட்டேன். உங்களைச் சொன்னாங்க." தொப்பியைக் கழற்றினான். "பதினஞ்சு வருஷமா என் கூட நடக்குறீங்க. நான் கேவலமா அடிச்சப்ப கேவலம்னுதான் சொல்லியிருக்கீங்க. இல்லாததை ஒரு நாளும் சொன்னதில்ல. நகர்ந்துச்சுன்னு நீங்க சொன்னா நகர்ந்துச்சு. தண்டனையைப் போட்டுக்கங்கன்னு நானே சொல்லிட்டேன்."

ஊளை நின்றுவிட்டது. என் கடையிலும் காற்றடிக்கிற மோட்டார் மட்டும்தான் சத்தம் போட்டது. அவள் நோட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "பதினேழாவது குழியில காத்து மாறுச்சே, அதை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அடடா, அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையை அளக்க ஒரு கருவியும் கிடையாது.

"யாருங்க அந்தம்மா?" என்று சக்கரம் கழற்றப்பட்ட வண்டிக்காரன் மெதுவாகக் கேட்டான்.

"என் பொண்டாட்டி" என்று நான் சொல்வதற்குள் மச்சான் எழுந்து நின்று, "என் தங்கச்சி!" என்றார்.

மறுநாள் காலை டைரக்டர் போன் செய்தார். நானும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சீட் உனக்குத்தாம்மா."

"வரேன் சார். அதுக்கு நான் தகுதியானவதான். ஆனா ஒண்ணு. இனிமே புல்லுல நிக்கிறவங்க 'பாத்தேன்'னு சொன்னா, அதை மாத்திச் சொல்லச் சொல்லி யாரும் காதுல பேசக் கூடாது."

டைரக்டர் உடனே ஒப்புக்கொண்டார். "நேத்து நான் பேசினது தப்புதான். இனி அப்படி நடக்காது. வேணும்னா எழுதியே குடுத்திடுறேன்."

"எழுத்தெல்லாம் எதுக்கு சார்? நீங்க வாயால சொன்னீங்கல்ல, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.