நடு நாற்காலி

அக்கா திடீரென்று பஸ் டிரைவர் மாதிரிப் பேச ஆரம்பித்தாள்.

"கியரை மாத்தணும்டா. எவ்ளோ நாள்தான் செகண்ட் கியர்லயே உறுமிக்கிட்டு இருக்கறது?"

அக்காவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் கொடுத்து மடித்து அடுக்குகிறவள்.

"யாருக்கா சொல்லிக்கொடுத்தாங்க இதை?"

"யாரும் சொல்லிக்கொடுக்கல. நானே சொல்றேன்."

இந்த ஊரில் எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அவள் முதலில் வந்தாள், பிறகு என்னை வரவழைத்தாள். நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் களைத்துப்போய் வந்து, யார் சமைப்பது என்று சண்டை போட்டு, கடைசியில் அவளே சமைப்பாள். கோடைக்கு முன்னால் ஒருநாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: "நான் எதுக்குடா பொறந்தேன்?"

"என்னைத் திட்டத்தான். வேற எதுக்கு?"

சிரித்தாள். ஆனால் கேள்வி அவளை விடவில்லை. சலவைக்கூடத்துச் சுவரில் யாரோ ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையின் திசையைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தாள். சனிக்கிழமை மதியம், டயர் கடைக்கு மேலே ஒரு அறை. மொத்தம் ஆறு பேர். அதற்கு மேல் சேர்க்க மாட்டார்கள். நடத்துகிற அம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள்.

அங்கே செய்கிற பயிற்சி ஒன்றே ஒன்றுதான். ஒருவர் நடு நாற்காலியில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. சுற்றியிருப்பவர்கள் அவராகவே மாறிப் பேசுவார்கள். "நான்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டது மனசுக்குச் சரியென்று பட்டால், நடுவில் இருப்பவர் தலையை அசைக்கலாம். அசைத்துவிட்டால் அது அவருடைய வார்த்தை. அதன்படி நடக்க வேண்டும்.

"நல்லாருக்கே! நம்ம மனசுல இருக்கறதை அடுத்தவன் சொல்றான், நாம மாடு மாதிரி தலையாட்டணுமா?"

"நீ கிண்டல் பண்ணுவேன்னு தெரியும். நமக்கே தெரியாததை அவங்க எடுத்துச் சொல்றாங்கடா."

குழுவில் இருந்த பஸ் டிரைவருக்குப் பிறகு அங்கே வருகிற மருந்துக்கடைக்காரரின் குரல் வந்தது. அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "பொதுவா பார்த்தீங்கன்னா" என்றாள், என்னைப் பார்த்து. பார்லர் வைத்திருக்கும் பெண்ணின் சிரிப்பும் சேர்ந்துகொண்டது, மூக்கில் பாதி நின்றுவிடுகிற சிரிப்பு. ஒருமுறை அவளைக் கூட்டிவரப் போனபோது படிக்கட்டில் நின்று அவர்கள் மூவரையும் கேட்டிருக்கிறேன். இப்போது எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் என் அக்காவின் பேச்சு எது என்று தேட வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"வேலையை விடப்போறேன். கடலோரமா ஒரு முதியோர் இல்லம் இருக்காம். அங்கதான் என் திசை."

"கடலா? உனக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுத்துமேக்கா!"

"அது பழைய நான்."

"நீ தலையை ஆட்டினியா?"

உள்ளே போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அந்த மடிப்பு மட்டும் அவளுடையது, விரிப்பு மடிக்கிற அதே வேகம்.

அடுத்த சனிக்கிழமை நானும் கிளம்பினேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு அவளைக் கையோடு கூட்டிவருவது என்று முடிவு. படியேறும்போதே ரப்பர் நெடி மூக்கில் ஏறியது. அறையில் சாம்பல் நிறக் கம்பளம், மூலையில் தண்ணீர் கேன், வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோரும் என்னைப் பார்த்து, எதிர்பார்த்தது மாதிரி லேசாகச் சிரித்தார்கள். கீழே டயர் கழற்றுகிற சத்தம் கேட்டதே தவிர அறையில் சத்தமே இல்லை.

லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் முதலில் சேர்ந்து கத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் குரல் மட்டும்தான் கேட்கும். அவருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனாலும் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். வெளியே நிற்கிற நான் கத்தலைவிட அந்த அடக்கத்துக்குத்தான் பயப்படுவேன். அதே அடக்கம் இங்கே இருந்தது.

"தம்பிதானே? வாங்க வாங்க. உங்களைப் பத்தி நிறையக் கேட்டிருக்கோம்," என்றார் மேடம். பருத்திப் புடவை, மெதுவான குரல்.

"நான் சண்டை போட வந்திருக்கேன் மேடம்."

"தாராளமா போடுங்க. முதல்ல உட்காருங்க."

காலியாக இருந்தது நடு நாற்காலி மட்டும்தான். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்தேன் என்று உறைத்தது.

"நான் லிஃப்ட் ரிப்பேர்காரன்," என்று பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "நாள் முழுக்க மேலயும் கீழயும் போறேன், எங்கயும் போய்ச் சேரல."

யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தலையை அசைக்கவில்லை.

"பொதுவா பார்த்தீங்கன்னா, நான் அக்காவைப் பாதுகாக்கறதா நெனச்சுக்கறேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அக்கா என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நான் சின்ன வயசுலேர்ந்து அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்துட்டேன். அவ போனா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. அவளுக்குக் கல்யாணம் பேசி வந்தப்பகூட எனக்குப் பயமா இருந்துச்சு. அது நின்னுபோனப்ப, உள்ளுக்குள்ள எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. என் தலை தானாக அசைந்தது.

"நான் அவளை விட்டுடறேன்," என்றாள் அக்கா.

அசைந்துகொண்டிருந்த தலையை என்னால் நிறுத்த முடியவில்லை.

"நல்லது," என்றார் மேடம்.

இரண்டு நாளில் போய்விட்டாள். நான் கூப்பிட்டால் கொஞ்ச நாள் அவள் போன் அடித்தது, எடுக்கவில்லை; அப்புறம் அதுவும் இல்லை. கடலோர ஊர்களில் எனக்குத் தெரிந்த முதியோர் இல்லங்களுக்கெல்லாம் போன் போட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். மறுபடி டயர் கடைப் படியேறினேன்.

"எங்க மேடம் என் அக்கா?"

"திசை கிடைச்சுப் போனவங்க முகவரியை நாங்க வெச்சுக்கறதில்ல."

"அப்ப போலீஸுக்குப் போறேன்."

"போங்க. ஆனா அன்னைக்கு நீங்கதானே தலையை அசைச்சீங்க?"

திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து பார்லர் பெண் கூப்பிட்டாள். "டேய், கோவிச்சுக்கிட்டுப் போகாதடா. நான் உன் அக்காதானே?"

குரல் சரியில்லை. அக்கா இவ்வளவு இழுத்துப் பேச மாட்டாள். ஆனாலும் நின்றேன். வீட்டில் பல நாளாக என்னை யாரும் டேய் என்று கூப்பிடவில்லை.

அக்கா இருந்த ஆறாவது நாற்காலியில் சேர்ந்துகொண்டேன். எங்கே போனாள் என்பது வாய்தவறியாவது வெளியே வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருக்கும் வாய் தவறவில்லை. எனக்குத்தான் தவறியது. அக்கா எப்படித் திட்டுவாள், கோபம் வந்தால் எந்தப் பாத்திரத்தைத் தூக்கிப் போடுவாள், என்னைக் கொஞ்சும்போது என்ன சொல்வாள் என்றெல்லாம் கேட்டார்கள், சொன்னேன். பார்லர் பெண் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். வாரத்துக்கு வாரம் குரல் சரியாகிக்கொண்டே வந்தது.

நேற்று என் முறை. நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

"தனியா இருந்து என்னத்தைடா கண்ட, எருமை?" என்றாள் பார்லர் பெண், நானாக மாறாமல் அக்காவாகவே மாறி. இழுப்பு இல்லை, அப்படியே அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் நல்லா இருக்கேன். இங்க உனக்கும் இடம் இருக்கு. நீயும் கிளம்பி வந்துடு."

கீழே டயர் கடைச் சத்தம் நின்றிருந்தது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் என் தலை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரோ ஒரு புதுப்பெண், கையில் நோட்டீஸோடு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள்.

"நல்லது," என்றார் மேடம்.