213ஆம் பகுதியில் விழுந்தவள்

‘எங்கள் வரலாறு’ பக்கத்தைப் பிழை பார்க்க என் தங்கை என்னிடம்தான் அனுப்பினாள். அவளுக்கு நான் இருபது வருடமாகப் பிழை பார்க்கத்தானே லாயக்கு!

தொலைக்காட்சித் தொடர்களின் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், ஒளிபரப்பு நேரம் எல்லாம் சொல்கிற இணையதளம் எங்களுடையது. இன்று பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். அவளுக்குக் கண்ணாடி அறை, எனக்குப் பிரிண்டர் பக்கத்தில் ஒரு மேசை. இருபதாம் ஆண்டுக்காக வரலாறு எழுத ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தாள். அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். நான்கு பக்கம். அதில் தங்கையின் பெயர் பத்தொன்பது முறை. நான் எங்கே என்று தேடினேன். மூன்றாம் பக்கத்தில் ‘குடும்பத்தினரின் ஆதரவோடு’ என்று இருந்தது. அந்த ஆதரவு நான்தான்.

வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், பற்றிக்கொண்டு எரிந்தது.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது ஒரு கணினி, ஒரு டிவி. நோட்டும் பேனாவுமாக டிவி முன்னால் உட்கார்ந்தவள் நான். விளம்பர இடைவேளையில்தான் தண்ணீர் குடிப்பேன். அவள் தட்டச்சு செய்து ஏற்றுவாள். தளத்துக்கு ஒரே ஒரு சட்டம்: கண்ணால் பார்க்காத பகுதியை எழுதக் கூடாது. யார் பார்த்தது என்று தெரிய, ஒவ்வொரு சுருக்கத்தின் கடைசியிலும் ஓர் எழுத்து இருக்கும். மூத்தவள் பார்த்தால் ‘மூ’, இளையவள் பார்த்தால் ‘இ’. முதல் இரண்டு வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு ‘மூ’.

இதெல்லாம் வரலாற்றில் இல்லை. இருந்தது அந்தப் பொறிக் கதை. அதற்குத் தனித் தலைப்பு வேறு.

அப்போது இன்னொரு தளம் எங்கள் சுருக்கங்களை ஒரு மணி நேரத்தில் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் புகார் செய்தாலும் யாரும் நம்பவில்லை. ஒரு நாள், ஒரு குடும்பத் தொடரின் 213ஆம் பகுதியில், நடக்காத ஒரு காட்சி எங்கள் தளத்தில் வந்தது: வீட்டின் இளைய மகள் மாடிப்படியில் உருண்டு விழுகிறாள், தலையில் நான்கு தையல். அந்தத் தளமும் அதையே போட்டது, நான்கு தையலோடு. உண்மையில் அன்று அரை மணி நேரமும் கோர்ட் காட்சி. நேயர்கள் இரண்டு தளங்களையும் திட்டி எழுதினார்கள். மறுநாள் காலை தங்கை ஒரே வரி போட்டாள்: ‘அது திருடர்களுக்கு நாங்கள் வைத்த பொறி.’ ஊரே சிரித்தது. ஒரு மாதத்தில் அந்தத் தளம் மூடப்பட்டது. எங்கள் வாசகர்கள் பத்து மடங்கானார்கள். அவள் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள்.

அந்த வரியைப் போட்ட கையோடு, 213இன் கடைசியில் இருந்த ‘மூ’வை எடுத்துவிட்டு ‘இ’ போட்டாள்.

அதை எழுதியவள் நான். நான் ஏன் அன்றே கேட்கவில்லை? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். நான் பொறி எதுவும் வைக்கவில்லை. அந்தப் பகுதியைப் பார்க்காமலே எழுதினேன். எங்கள் ஒரே சட்டத்தை மீறியவளே நான்தான். ஆனாலும் அந்த ‘இ’ இருபது வருடமாக என் கண்ணை உறுத்துகிறது.

பிழை பார்த்த வரலாற்றுத் தாளைச் சுருட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனேன். வரலாறு எழுதிய பெண்ணும் அங்கேதான் இருந்தாள். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“213 நான் எழுதினது,” என்றேன். “என் எழுத்தை எடுத்துட்டு உன் எழுத்தப் போட்டியே, உனக்கே நல்லா இருக்கா?”

தங்கை கண்ணாடியைக் கழற்றினாள்.

“அக்கா, அன்னைக்கு சாயங்காலம் டிவி ஆஃப்ல இருந்துச்சு. என்னப் பேட்டி எடுக்க பத்திரிகைக்காரர் வந்து டிவிக்கு முன்னாடிதானே உக்காந்திருந்தார்? நீ எங்க பார்த்திருப்ப?”

சுருட்டிய தாளை மேசையில் வைத்தேன்.

“இளையவ படியில விழுந்து நாலு தையல்னு படிச்சதுமே புரிஞ்சுது, நீ எந்த கோவத்துல எழுதினேன்னு. பொய் எழுதினது நீதான்னு தெரிஞ்சா உன் ‘மூ’வ எவன் நம்புவான்? அதான் பொறின்னு சொன்னேன். கேள்வி வந்தா எங்கிட்ட வரட்டும்னு எழுத்தையும் மாத்தினேன்.” எழுதிய பெண்ணிடம் திரும்பினாள். “பொறி வெச்சது எங்க அக்கான்னு மாத்திடும்மா.”

நான் கேட்க வந்தது அதுதான். கையில் வைத்துத் தந்துவிட்டாள். ஆனால் வயிறு குளிர்ந்ததா? இல்லை. இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்! கெட்டிக்காரி பட்டம் போதாதென்று, நல்லவள் பட்டமும் அவளுக்கே. பாவி, எனக்கென்று ஒன்றையாவது மிச்சம் வைக்கக் கூடாதா?

“பொறியும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றேன். “பார்க்காம எழுதின பொய். எழுதினது ‘மூ’. அப்படியே போடு.”

“அக்கா!” என்றாள் தங்கை.

“போடும்மா. என் பொய்யாவது என் பேர்ல இருக்கட்டும்.”

அந்தப் பெண் குறித்துக்கொண்டே கேட்டாள், “அப்போ பேட்டி நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“அடுப்படில. டீ போட்டுட்டிருந்தேன்.”

“தளம் ரெண்டு பேரோடதுதானே? உங்கள ஏன் பேட்டிக்குக் கூப்பிடல?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் தங்கையைப் பார்த்தேன். எதற்கும் சட்டென்று பதில் சொல்லும் அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. வெளியே பிரிண்டர் இரண்டு தாள்களைத் துப்பியது.

“தோணல,” என்றாள் கடைசியில். “நெஜமாவே தோணலக்கா.”

எழுந்துபோய்ச் சுவரோரமாக இருந்த நாற்காலியை இழுத்து வந்து, தன் பக்கத்தில் போட்டாள்.

“உக்காரு. மொதல்லேந்து நீ சொல்லு. அவங்க எழுதிக்கட்டும்.”

உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்ல ஆரம்பிப்பதற்குள், அவள் நாற்காலியில் மெத்தை இருப்பதையும் என்னுடையதில் இல்லாததையும் பார்த்துவிட்டேன்.