பதினேழு பேருக்குத் தெரியாமல் போன கிளிஃபர்ட் மாஸ்லன்

1987ஆம் வருடம் மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு, வெக்ஸ்பர்ன் ஊரில் பதினேழு பேருக்கு கிளிஃபர்ட் மாஸ்லன் கண்ணில் படாமல் போனார். மீதி எண்ணூற்று அறுபது பேருக்கு, லேசான தொப்பையும் நரைத்த மீசையுமாக, எப்போதும்போல நன்றாகவே தெரிந்தார். அன்று மழை இல்லை. பன்றித் தொத்திறைச்சி ராத்தலுக்கு மூன்று பென்ஸ் ஏறியிருந்தது.

கிளிஃபர்டுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சாலிஸ்பரிக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். போருக்குப் போக வயது போதாமல் போனதாலோ என்னவோ, போருக்குப் போய்வந்த சட்டைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். பாராசூட் வீரர்களுக்காகத் துடைப்பம் போன்ற தூரிகையால் பச்சையும் பழுப்பும் தீற்றிய டெனிசன் மேலங்கிகள் மட்டும் நாற்பத்துமூன்று இருந்தன. முதலில் அவை காலி அறையில் தொங்கின. பிறகு மாடிப்படிக்கு வந்தன. பிறகு மனைவி மேவிஸின் அலமாரிக்குள் நுழைந்தன. மேவிஸின் குளிர்காலக் கோட்டு தோட்டக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது. ஒரு மேலங்கியை உள்வெளியாகத் திருப்பி, ஜிப்பின் பற்களைப் பார்த்து, கால்களுக்கிடையே இழுத்து மாட்டும் வால்பட்டையின் பொத்தான்களை எண்ணி, கடைசியாக அக்குளை முகர்ந்து, எந்த வருடத்துச் சரக்கு என்று அவரால் சொல்லிவிட முடியும்.

இந்த விஷயத்தில் அவரோடு சரிக்குச் சமமாகப் பேசக்கூடியவர் ஊரில் ஒருவர்தான்: ஓய்வுபெற்ற நில அளவையாளர் ரோலண்ட் டக். முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடு போட்டு, பிரிட்டிஷ் மேலங்கிகளைப் பதினொரு வகையாகப் பிரித்தவர். அந்தப் பதினொன்றில் அடங்காத எதையும் பிரிட்டிஷ் ராணுவம் தைக்கவே இல்லை என்பது அவர் கட்சி.

நாற்பத்துநான்காவது மேலங்கி, இறந்துபோன ஒரு விவசாயியின் களஞ்சியத்திலிருந்து வந்தது. நாற்பது குளிர்காலமாக டிராக்டர் எஞ்சினுக்குப் போர்வையாகக் கிடந்ததாம். சீட்டு இல்லை, அரசாங்க அம்பு முத்திரை இல்லை. கை நுனியில் கம்பளிப் பின்னல் இருந்தது. அது பழைய வகைக்கு அடையாளம். வால்பட்டைப் பொத்தான்கள் முதுகுப் பக்கம் இருந்தன; அது பிந்தைய வகைக்கு அடையாளம். தீற்றல்கள் எல்லாம் இடக்கைக்காரர் போட்டதுபோல எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. கிளிஃபர்டுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மேலங்கியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு டக் வீட்டு மணியை அடித்தார்.

டக் கதவைத் திறந்தார், இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மூடிவிட்டார். இரண்டாவது தடவை, "பெல்லைத் தொட்ட கைய உடைச்சிடுவேன், பொடிப்பசங்களா!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். மூன்றாவது தடவை கிளிஃபர்ட் வாயைத் திறந்தார்.

"மிஸ்டர் டக், நான்தான்."

"மாஸ்லனா? எங்க நிக்கிறீங்க? வேலிக்குப் பின்னாலயா?"

"உங்க மூக்குக்கு முன்னால."

டக் கையை நீட்டிப் பார்த்தார். விரல் கிளிஃபர்டின் கண்ணில் குத்தியது. கிளிஃபர்ட் வலி தாங்காமல் மேலங்கியைக் கழற்ற, டக்குக்கு எதிரே ஒரு மனிதரும், அவர் கையில் ஒரு மேலங்கியும் பளிச்சென்று தெரிந்தன. டக் அதை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியோடு நாற்பது நிமிடம் பார்த்தார்.

"போலி," என்றார். "ஏதோ நாடகக் கம்பெனிக்குத் தச்சிருக்காங்க."

"இப்பத்தானே என்னைப் பார்க்க முடியாம கண்ணக் குத்தினீங்க?"

"அதை வச்சுத்தான் சொல்றேன். நம்ம ராணுவம் செஞ்ச எதுவும் இவ்வளவு ஒழுங்கா வேலை செஞ்சதே இல்ல."

மேலங்கியை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பும் வழியில் கசாப்புக்கடைக்காரர் கிளிஃபர்டைத் தாண்டிப் பின்னால் நின்ற அம்மாளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். மதுக்கடையில், முடிதிருத்தும் நார்மன் ஸ்லோப்பர் கையில் பியரோடு வந்து கிளிஃபர்டின் மடியில் உட்கார்ந்து, நாற்காலி மெத்தை புதுசா என்று விசாரித்தார். ஆனால் கடைக்கார அம்மாள் வழக்கம்போல, "என்ன கிளிஃப், மூஞ்சி தொங்குது?" என்றாள். பால்காரருக்குத் தெரிந்தார், நாய்களுக்குத் தெரிந்தார், தபால் நிலையத்தில் இருவரில் ஒருத்திக்குத் தெரிந்தார்.

பேப்பரையும் பென்சிலையும் எடுத்து உட்கார்ந்து விஷயத்தைப் பிடித்தவள் மேவிஸ். ஒரு வாரம் புருஷனை அந்த மேலங்கியோடு கடைத்தெருவுக்கு அனுப்பி, யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தாள்.

"பதினேழு பேரு. உன்னைப் பிடிக்காதவங்க பட்டியல் இதுதான், கிளிஃப்."

"உளறாத. ராணுவத் துணிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எதிரி கண்ணுல படக் கூடாதுன்னுதானே அதைத் தச்சாங்க? அது பாட்டுக்கு அதோட வேலையைப் பார்க்குது."

"என்னை எதுக்குப் பிடிக்காம போகணும்? நான் யாருக்கு என்ன பண்ணினேன்?"

மேவிஸ் பட்டியலை மேலிருந்து படித்தாள். அறுவடைப் பண்டிகையில் பாதிரியார் பரிசு வாங்கிய பூசணிக்காய் கடையில் வாங்கியது என்று கிளிஃபர்ட் உரக்கச் சொல்லியிருந்தார். நார்மனிடம் முடிவெட்டிக்கொண்டு, பணம் கொடுத்த கையோடு, கண்ணாடி முன் நின்று தாமே சரிசெய்துகொண்டிருந்தார். ரோலண்ட் டக் உயிராக வைத்திருந்த மேலங்கியின் ஜிப் பிற்பாடு மாற்றியது என்று 1974ஆம் வருடக் கண்காட்சியில் பன்னிரண்டு பேர் எதிரில் சொல்லியிருந்தார். "அதுல என்ன தப்பு? அது மாத்தின ஜிப்புதான்," என்றார் கிளிஃபர்ட். மேவிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள்.

மற்ற பதினாறு பேரைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. டக் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தார். பதின்மூன்று வருடமாக, வியாழக்கிழமை தவறாமல் அந்த மனிதருடன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை குளிராக இருந்ததால் மேலங்கியோடே பஸ்ஸை எடுத்தார். சந்தைச் சிலுவை நிறுத்தத்தில் நின்றிருந்த பாதிரியார், ஓட்டுநர் இல்லாமல் வந்து நின்று கதவைத் திறந்த பஸ்ஸைக் கண்டு குடையைக் கீழே போட்டுவிட்டு ஜபம் சொல்லத் தொடங்கினார். ஏறுங்கள் என்று காலி இருக்கை அதட்டியதும் நடந்தே போய்விட்டார். பஸ் கம்பெனி, பணிநேரத்தில் ஓட்டுநர் அனைவருக்கும் தெரியும்படி இருக்கவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது.

அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தாங்கள் பட்டியலில் இல்லை என்று காட்டிக்கொள்ள எல்லோரும் கிளிஃபர்டுக்கு உரக்க வணக்கம் சொன்னார்கள். அவரைப் பார்க்க முடியாதவர்கள் இன்னும் உரக்கச் சொன்னார்கள், குத்துமதிப்பாக. பாதிரியார் ஒரு தபால் பெட்டியின் உடல்நலத்தை விசாரித்தார். கசாப்புக்கடைக்காரர் வாசலில் யாரும் இல்லாதபோதெல்லாம், "வாங்க கிளிஃப், நல்ல ஈரல் வந்திருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு மேலங்கியை இரவல் கேட்டு வந்தார்கள். திருமதி பின்னக் அதை மாட்டிக்கொண்டு தன் மூன்று மகன்களோடு ஞாயிறு விருந்தில் உட்கார்ந்தாள். அம்மா எங்கே என்று கேட்ட மகனுக்கு மட்டும் அன்று புட்டிங் கிடைக்கவில்லை. ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது, வேறொன்று கூடியது. மே மாதத்தில் ஊராட்சி மன்றம், கூட்டங்களுக்கு அந்த மேலங்கியை அணிந்து வரக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பிறகு எப்போதும் அது எதையும் ஏகமனதாகத் தீர்மானித்ததில்லை.

டக்குக்குத் தூக்கம் போயிற்று. ஆணியில் தொங்கும்போது மேலங்கி அவருக்குத் தெரிந்தது. ஆனால் போட்ட பிறகு தோள் எப்படி விழுகிறது, வால் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வகைப்படுத்த முடியாது. போட்டாலோ ஆளும் இல்லை, துணியும் இல்லை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவரே கிளிஃபர்டை மேலங்கியோடு வரச் சொன்னார். எதிர் நாற்காலிக்கு டீ ஊற்றி வைத்தார். கோப்பை மேலே எழும்பிச் சரிந்து காலியாகி இறங்கியது.

"உண்மையச் சொல்லணும்னா, மாஸ்லன், நீங்க இப்படி இருக்கறது எனக்கு ரொம்ப சௌகரியமா இருக்கு," என்றார் டக். "உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டுப் பேசறதுதான் எனக்குக் கஷ்டம்."

"ஜிப் விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கட்டுமா?"

"வேணாம். பொறவு தெரிய ஆரம்பிச்சுடுவீங்க."

கையேட்டின் அடுத்த பதிப்பில் பன்னிரண்டாம் வகை சேர்ந்தது: கம்பளிக் கைநுனி, முதுகுப் பொத்தான், இடக்கைத் தீற்றல், அணிந்தவர் எதிரிக்குத் தெரியார், அறியப்பட்ட மாதிரி ஒன்று. டக் வீட்டுக்குப் போக மட்டும் கிளிஃபர்ட் தவறாமல் அதை மாட்டிக்கொண்டார்.

ஜூலையில் தன்னை வேமத் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்லி மேவிஸ் கிளிஃபர்டிடம் கேட்டிருந்தாள். பெட்டியும் கட்டிவிட்டாள். அதே வாரம் கென்ட்டில் பெரிய கண்காட்சி. பன்னிரண்டாம் வகையைப் பார்க்க ஜனங்கள் காத்திருப்பதாகத் தந்திபோல ஒரு கடிதம் வந்தது. கிளிஃபர்ட் கென்ட்டுக்குப் போய், நாற்பத்தைந்தாவது மேலங்கியோடு திரும்பினார். மேவிஸ் கட்டிய பெட்டியைப் பிரித்து வைத்தாள்.

மறுநாள் வியாழன். கிளிஃபர்ட் மேலங்கியை மாட்டிக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். மேவிஸ் முட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு மாடிப்படியைப் பார்த்துத் திரும்பி, "கிளிஃப், முட்டை ஆறுது!" என்று கூப்பிட்டாள்.

அவர் முட்டையை உடைத்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். மேவிஸ் இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, அவர் நெஞ்சுக்கு நேராக இருந்த ஜன்னலை அவர் வழியாகவே பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தாள். கிளிஃபர்ட் ஓசைப்படாமல் எழுந்து வாசல் படிக்குப் போய் உட்கார்ந்து அழுதார். பால்காரருக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். பால்காரர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இரண்டு புட்டிகளை வைத்துவிட்டுப் போனார்.

அன்று டக் வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மேலங்கிகளை அள்ளிப் பஸ் கொட்டகைக்குக் கொண்டுபோனார். ஏழு நடை ஆயிற்று. மேவிஸின் கோட்டைத் தோட்டக் கொட்டகையிலிருந்து எடுத்து, எலி கடித்த பாக்கெட்டைத் தாமே தைத்து, அலமாரியில் மாட்டினார். செப்டம்பரில் வேமத்துக்குப் போனார்கள். நான்கு நாளில் மூன்று நாள் மழை. ஒதுங்கிய இடத்தில் பொரித்த மீன் தின்றுகொண்டு மேவிஸ் பேசினாள்; கிளிஃபர்ட் கேட்டார். இருபத்தாறு வருடத்தில் அவள் இவ்வளவு பேசுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் திங்கட்கிழமைதோறும் காலையில் மேலங்கியை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். முதல் வாரம் அவள் கூட்டிக்கொண்டே வந்து, அவர் பூட்ஸைச் சுற்றிக் கூட்டினாள். அக்டோபரில் முழங்கால் வரை வந்திருக்கவேண்டும், ஏனென்றால் கால்சட்டையில் கறை என்றாள். நவம்பரில் ஒருநாள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"வாராவாரம் அந்தச் சனியனைப் போட்டுக்கிட்டு என் முன்னால வந்து நிக்கிறியே, நான் என்ன கண் டாக்டரா?"

கிளிஃபர்ட் ஓரடி முன்னால் வந்தார். "உன் கண்ணுக்கு நான் படலன்னு உனக்கே தெரியுமா?"

"ஜூலையில இருந்து தெரியும். முட்டை தானாவா உடைஞ்சு கிடந்துது?"

"இப்ப எவ்வளவு தெரியுது, மேவிஸ்?"

அவள் தலையைச் சாய்த்து அளவெடுத்தாள். "இடுப்பு வரைக்கும். மிச்சம் நீ நடந்துக்கறதைப் பொறுத்து."

கிறிஸ்துமஸுக்குள் தாடை வரை வந்தார். முகம்தான் தாமதமாயிற்று, மார்ச்சில் மீசையும், ஈஸ்டருக்குக் கண்களும் வந்தன. வலது காது மட்டும் வரவே இல்லை. ஒரு காது இல்லாவிட்டால் குடும்பம் நடத்த முடியாதா என்று மேவிஸ் விட்டுவிட்டாள்.

அதன் பிறகு ஒரு காலையில், "கழட்டு, நான் போட்டுப் பார்க்கறேன்," என்றாள். கிளிஃபர்ட் கழற்றி அவள் தலைவழியாக மாட்டினார். பொத்தான் ஒவ்வொன்றையும் அவரேதான் மாட்டிவிட்டார். பிறகு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். மேவிஸ் நின்றாள்: வெள்ளி முடி, மூக்குக்கண்ணாடி, மாவு ஒட்டிய கை, தோளில் சரியாக விழுந்த பச்சைத் தீற்றல். இடது முழங்கையை மட்டும் காணவில்லை. அது ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

"என்ன, தெரியறேனா?"

"முழுசா," என்றார்.

"பொய். ஆனா பரவாயில்ல," என்று மேவிஸ் பாக்கெட்டுகளைத் திறந்து பார்த்தாள். நான்கும் ஆழமானவை. துணிக் கிளிப்புகள் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல உடுப்பு வீட்டில் இல்லை என்று கண்டு, அன்றுமுதல் அதை அவளே வைத்துக்கொண்டாள். லண்டன் அருங்காட்சியகம் ஒன்று இரண்டு தடவை எழுதிக் கேட்டது. மேலங்கி உபயோகத்தில் இருப்பதாகக் கிளிஃபர்ட் பதில் போட்டார். சாலிஸ்பரியிலிருந்து பஸ்ஸில் வந்த மேவிஸின் அக்கா ஈனிட், தங்கை வீட்டுத் தோட்டத்தில் ஈரப் போர்வைகள் ஆளில்லாமல் உதறிக்கொண்டு கொடியில் ஏறுவதைக் கண்டு பக்கத்து இருக்கைக்காரியின் கையைப் பிடித்தாள். திங்கட்கிழமை அங்கே துணி காயப்போடும் நாள்தான் என்று அந்த அம்மாள் சொன்னாள்.