வரி குறையட்டும்

துளசிராமனின் வயல் திருப்பாச்சூருக்கு மேற்கே தார் ரோட்டை ஒட்டி இருந்தது. அதற்குப் பின்னால், ரோட்டிலிருந்து வழியே இல்லாத அரை ஏக்கரை அந்த வருடம்தான் சாராள் குத்தகைக்கு எடுத்திருந்தாள். மாமனார் காலம்வரை அவள் வீட்டார் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். புருஷன் சாலமோன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு கையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, முதல் தடவையாகத் தங்களுக்கென்று நெல் போட்டிருந்தார்கள்.

இரண்டு வயலும் ஒன்றாகவே முற்றின. அறுப்பு மெஷின் உள்ளே போக வேண்டுமென்றால் முதலில் துளசிராமனுடையதை அறுத்தாக வேண்டும்.

மெஷின் வைத்திருந்த பார்த்திபன் வந்து, இந்தப் போகத்துக்கு மணி வாடகை இவ்வளவு என்றதும் துளசிராமனுக்குச் சுருக்கென்றது.

"இன்னாப்பா, வாய்க்கு வந்தத சொல்ற?"

"நான் இன்னாண்ணே பண்றது? டீசல் விக்கிற வெலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணவே பேஜாரா கீது. வெலைய விட வரிதான் கொல்லுது."

எல்லாமே ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. உழவு டிராக்டர் வாடகை ஏறியது, உர மூட்டைக்கு லோடு கூலி ஏறியது. துளசிராமனின் மனைவி கல்பனா சந்தைக்குப் போய்ப் பாதிப் பையோடு திரும்பினாள். எதற்கும் அவரைக் கேட்டு யாரும் விலை வைக்கவில்லை. இந்த ஒன்றிலாவது தன் பேச்சு நிற்கட்டுமே என்று அவருக்கு இருந்தது. போதாததற்கு, டீசல் வரி சீக்கிரமே குறையும் என்று டிவியில் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வரி கொறையட்டும். அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே சாராள் வந்தாள்.

"அண்ணா, வண்டி நாளைக்கு பள்ளிப்பட்டு பக்கம் போவுதாம். போச்சுன்னா இப்போ திரும்பாது. கூட கேக்குறத உங்க வயலுக்கும் சேத்து நாங்களே குட்த்துடறோம். அறுத்துடுங்கண்ணா."

அவள் பணிவாகத்தான் கேட்டாள். துளசிராமனுக்குத்தான் அது குத்தலாகப் பட்டது.

"உன் டப்புல என் நெல்லு அறுக்கணுமா? போம்மா. நாலு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

அவள் போய்விட்டாள். "அந்தப் பொண்ணு கேட்டதுல இன்னா தப்பு?" என்றாள் கல்பனா. அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அந்த வாரம் முடியும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் போய்ப் பார்த்தபோது கதிரெல்லாம் படுத்துக் கிடந்தது. சேற்றில் பார்த்திபனுடையது போன்ற டயர் மெஷின் இறங்காது. இரட்டை வாடகைக்கு, டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் மெஷின் வந்து துளசிராமனின் வயலில் பாதியைத் தேற்றியது. சாராளின் வயல் பள்ளம். டிரைவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, இறக்க முடியாது என்று வண்டியைத் திருப்பினான்.

சாலமோன் லீவு போட்டான். புருஷனும் பெண்டாட்டியும் முழங்கால் தண்ணீரில் நின்று அரிவாளால் அறுத்தார்கள். முளைவிட்ட கதிரைத் தலையில் சுமந்து, துளசிராமனின் வயல் வழியாகத்தான் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்த நெல் மாட்டுக்குத்தான் ஆகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, டீசல் வரியைக் குறைத்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். கல்பனா எழுந்து டிவியை அணைத்தாள்.

அடுத்த போகத்துக்கு நாற்று விடும் சமயம், காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் சாராளைப் பார்த்தார். குத்தகையை விட்டுவிட்டு அவளும் கும்மிடிப்பூண்டிக்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பைக்கை ஓரம் கட்டினார்.

"நெலத்த திரும்ப எட்த்துக்கோம்மா. இந்தத் தடவ மொத ஆளா மெஷின வரச் சொல்றேன்."

"வேணாம்ணா. மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. வானத்தப் பாத்துக்கினு ஒக்கார முடியல." பஸ் வரும் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி நல்லா கீறாங்களா?" என்றாள்.

"ம்." பைக்கை ஆஃப் செய்தார். "தப்பு என்னுதுதாம்மா."

"தெரியும்ணா" என்றாள் சாராள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லி ஆற்றியிருக்கலாம். பஸ் வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.