புள்ளிப்பட்டையும் புது சிஸ்டமும்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டிக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் நம்ம அண்ணியின் கொழுந்தனைப் போலத்தான் இருந்திருப்பான். ஊதுவதோடு நிற்க மாட்டான். சங்கைத் துடைத்து மெருகேற்றி, "இப்ப எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க அண்ணி" என்றும் கேட்பான். யாரைப் பார்க்கச் சொல்கிறோம் என்ற யோசனை துளியும் இருக்காது. அண்ணிக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது.

குடும்பத்தில் அவனுக்கு அப்டேட்டு என்று பேர். மாமியாரின் போனை அப்டேட் செய்தான். அன்றிலிருந்து மாமியார் யாரைக் கூப்பிடப் போனாலும் கேமரா திறந்துகொள்கிறது. மாமியாரின் போன் வராமல் போனதில் அண்ணிக்குப் பெரிய துக்கமில்லை, அது வேறு விஷயம். பக்கத்து வீட்டு டிவியை அப்டேட் செய்தான். அது இப்போது செய்தி போடுவதற்குக்கூட இமெயில் முகவரி கேட்கிறது. இவ்வளவும் செய்கிற துரை வேலை பார்ப்பது செல்போன் கடையில், உறை விற்கிற பக்கம். அவனுடைய சொந்த போனின் கண்ணாடி உடைந்தே கிடக்கிறது, ஒருதரம் வாங்கித் தடவிப் பார்த்த அண்ணி விரலைக் கீறிக்கொண்டாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அவள் பார்ப்பது புரூஃப் வேலை. பதிப்பகம் அனுப்புகிற புத்தகத்தை, அச்சுக்குப் போகுமுன் வரி வரியாகப் படித்துப் பிழை பொறுக்குவாள். லாப்டாப்பில் ஒரு பெண்குரல் திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும். ஆனால் அந்தக் குரல் வேகமாகப் போகும்போது கமாவைச் சொல்லாது, இரண்டு சொல்லுக்கு நடுவே வெட்டியாக விழுந்த இடைவெளியைச் சொல்லாது. அதற்குத்தான் புள்ளிப்பட்டை. கீபோர்டுக்கு முன்னால் வைக்கிற, ஒரு முழம் நீளமுள்ள பட்டை. திரையில் இருக்கும் வரி அதில் பிரெயில் புள்ளிகளாக எழும்பும். வரி மாறினால் பழைய புள்ளி அமுங்கிப் புதுப் புள்ளி எழும்பும். விரலை ஓட்டினால் ஒரு கமா தப்பாது. பதிப்பகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பட்டைக்கு வயசாகிவிட்டது. அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிப் பல வருஷம். பட்டையும் லாப்டாப்பும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு சின்ன புரோகிராம் வேண்டும், டிரைவர் என்பார்கள். அந்தக் கம்பெனி கடைசியாகப் போட்ட டிரைவர் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு மட்டும்தான் ஒத்துப்போகும். இதையெல்லாம் அவள் விசாரித்து வைத்திருந்தாள். "புது சிஸ்டம் தயார், ஏற்றலாமா?" என்று லாப்டாப் தினமும் கேட்கும், அவளும் தினமும் 'பிறகு' என்பதை அழுத்துவாள். புதுப் பட்டை வாங்குவதென்றால் ஒரு மோட்டார் சைக்கிள் விலை. அதனால் பிறகு என்றால் பிறகுதான்.

இதுவரை அவளுக்குப் புத்தகத்துக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது நிரந்தர வேலை ஒன்று காலியாகியிருந்தது. மேனேஜர் தேன் தடவின குரலில், "உங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னுதான் யோசிக்கிறேன்" என்று இழுத்து, கடைசியில் ஒரு முதலுதவிக் கையேட்டைச் சோதனையாகக் கொடுத்தார். மறுநாள் ஆபீஸ் மூடுவதற்குள் திருத்தி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் திட்டமாட்டார், பரிதாபப்படுவார். அந்தப் பரிதாபத்துக்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி. அன்றைக்கே பாதிப் புத்தகம் முடிந்திருந்தது.

மறுநாள் காலையில் மேஜைக்கு வந்து உட்கார்ந்து லாப்டாப்பைத் திறந்தாள். வேறு ஒரு மணி ஓசை கேட்டது. குரல் வந்து, "வரவேற்கிறோம், உங்கள் புதிய சிஸ்டத்தில் என்னென்ன புதிது என்று அறிய" என்று ஆரம்பித்தது. பட்டையில் விரலை வைத்தாள். தரை மாதிரி மொழுக்கென்று இருந்தது. ஒரு புள்ளிகூட எழும்பவில்லை.

முந்தின நாள் மாலை அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். கொழுந்தன் வந்திருந்தான், ராத்திரி இங்கேயே தங்கிவிட்டான். லாப்டாப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் சொல்லி வைத்திருந்த அவள் வீட்டுக்காரர். அவர் அப்போது அடுப்படியில் காபியை ஆற்றோ ஆற்றென்று ஆற்றிக்கொண்டிருந்தார். அதை அவள் உடனே கேட்கவில்லை. அதற்கு ஒரு நேரம் வரும்.

அப்டேட்டு கூடத்திலிருந்து உற்சாகமாக வந்தான். எப்படி இருக்கு அண்ணி, ஒரே அமுக்கு, எல்லாம் புதுசு, மூலையெல்லாம் வளைஞ்சு அழகா இருக்கு என்றான். வளைந்த மூலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டாள். பட்டை செத்துக் கிடப்பதைச் சொன்னாள். ஏற்றும்போது எச்சரிக்கை ஏதாவது வந்ததா என்றும் விசாரித்தாள். ஏதோ ஒரு கருவி ஒத்துவராது என்று வந்ததாம். அது எல்லாருக்கும் வருமாம். படிக்காமல் 'தொடர்க' என்று அழுத்திவிட்டானாம். கண் இருக்கிறவன் படிக்க மாட்டான், கண் இல்லாதவள் படித்தே சாகிறாள், நல்ல நியாயம்.

"குரல்தான் வருதே அண்ணி, அப்புறம் என்ன?" என்றான்.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா. அதான் என்ன" என்றாள்.

அந்தப் பழமொழியை அவளுக்கு முன்னால் யாரும் வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். அடுப்படியில் காபி ஆற்றும் சத்தம் நின்றது. இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பிறகு தொடங்கியது டிரைவர் வேட்டை. பத்து நிமிஷத்தில் சரிபண்ணிவிடுவதாகச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தான். குரல் தொணதொணக்கிறது என்று முதல் வேலையாக அதன் சத்தத்தைக் குறைத்தான். எங்கெங்கோ போய் எதை எதையோ இறக்கினான். இது கண்டிப்பா ஒத்துக்கும் என்பான், லாப்டாப்பை அணைத்துப் போடுவான், அடுத்து, இதுதான் சரியான ஆளு என்பான். ஒரு டிரைவரை ஏற்றியதும் அறை மூலையிலிருந்து உறுமல் கேட்டது. பிரிண்டர் விழித்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளைத் துப்பியது. பட்டை அசையவில்லை. பத்து நிமிஷம் என்றவன் அரைக் காலைப்பொழுதைத் தின்றுவிட்டான்.

வீட்டுக்காரர் காபியை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். லிஃப்ட் மெக்கானிக், அன்றைக்கு லீவு. மூச்சுச் சத்தத்தை வைத்தே அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அவளால் சொல்ல முடியும்.

"ஆள் ஏறியிருக்கிற லிஃப்டை யாராவது நடுவுல நிறுத்திப் பிரிப்பாங்களா?" என்று அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

அவர் இல்லை என்றார். நல்லது, தொழில் தர்மம் தெரிகிறது என்றாள்.

அப்டேட்டுக்கு அடுத்த யோசனை உதித்தது. பட்டை இல்லாவிட்டால் என்ன, நானே உட்கார்ந்து வாசிக்கிறேன், பிழை இருந்தால் சொல்கிறேன், கண் இருக்கிறது எதற்கு என்றான். சரி, பதினோராம் பக்கத்தை வாசி என்றாள். அவள் முந்தின நாளே பட்டையில் தடவி, இன்னும் திருத்தாமல் மனசில் வைத்திருந்த பக்கம். அவன் செய்தி வாசிப்பவன் தோரணையில் வாசித்தான். தீக்காயத்தில் ஐஸ் வைக்கக் கூடாது, குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும், இத்யாதி. வாசித்து முடித்து, பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணி, ஒரு தப்பும் இல்லை என்றான்.

மூன்றாவது வரியில் 'ஊற்ற்ற' என்று இருக்கிறது என்றாள். ஏழாவது வரியில் கமா போய்த் தவறான சொல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கடைசிப் பத்தியில் 'கூடாது' என்பதில் கூடா தனியாகவும் து தனியாகவும் நிற்கிறது. அவன் திரும்பப் பார்த்துவிட்டு, அட ஆமாம் என்றான்.

"நீ அங்க இருக்கறதைப் படிக்கல தம்பி. இருக்கணும்னு நீ நெனைக்கறதைப் படிக்கற. உன் கண்ணுக்கு என் விரல் எவ்வளவோ தேவல" என்றாள்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவன் கை இன்னும் வேகமாக ஓடும், அதுதான் அவனிடம் உள்ள கோளாறு. பழைய சிஸ்டம் ஒரு ஓரத்தில் மலைபோல இடத்தை அடைத்துக் கிடக்கிறது, அந்தக் குப்பையைத் துடைத்தால் புது டிரைவர் சுத்தமாக ஏறும் என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினான். அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். குரல் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னது: "முந்தைய சிஸ்டத்தை நிரந்தரமாக நீக்கவா? பிறகு அதற்குத் திரும்ப முடியாது. ஆம். இல்லை."

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன்காரி தராசைப் பிடிப்பது மாதிரி, அசையாத பிடி.

"எந்திரி" என்றாள்.

எழுந்தான். அவள் உட்கார்ந்து 'இல்லை'யை அழுத்தினாள். இன்னும் ஒரு தட்டு தட்டியிருந்தால் பட்டை வெறும் கட்டை. வேலையும் இல்லை, மேனேஜரின் தேன்குரல் மட்டும் மிச்சம். பழைய சிஸ்டத்துக்குத் திரும்ப வழி உண்டு, சில நாள் அது அழியாமல் காத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அப்டேட்டை நம்பி அரைக் காலையை இழந்ததுதான் அவள் செய்த முட்டாள்தனம். தம்பி ஏதோ செய்கிறானே, செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். தாட்சண்யம் தன நாசம்.

குரல் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பட்டியலாக இறங்கினாள். 'பழைய சிஸ்டத்துக்குத் திரும்பு' என்ற இடம் வந்தது. அழுத்தினாள். லாப்டாப் ஒரு கேள்வி கேட்டது: "ஏன் திரும்புகிறீர்கள்? எங்கள் சேவையை மேம்படுத்த உதவுங்கள்." கருவிகள் வேலை செய்யவில்லை, பழையதே எளிது, பழையதே வேகம், வேறு காரணம் என்று பதில்களை அடுக்கியது. வேறு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாள். எழுத ஒரு கட்டம் திறந்தது.

நாற்காலியை விட்டு எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, வந்து உக்காருங்க. இதை நீங்கதான் எழுதணும்."

அவர் வந்து உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. என்ன எழுத என்று கேட்டார்.

"என் மனைவியைக் கேட்காமல் அவள் பாஸ்வேர்டை என் தம்பிக்குக் கொடுத்தேன். அதை எழுதுங்க."

அப்டேட்டு, நான்தான் அண்ணி, அண்ணன்கிட்ட கேட்டேன் என்று ஆரம்பித்தான். அவள் கையைத் தூக்கியதும் வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்காரர் தட்ட ஆரம்பித்தார். இந்த மனிதருக்கு ஒன்று மறந்துபோயிற்று: தட்டுகிற ஒவ்வொரு சொல்லையும் குரல் உடனுக்குடன் வாசிக்கும்.

"கருவி. வேலை. செய்யவில்லை" என்றது குரல்.

"அழிங்க" என்றாள்.

அழித்தார். மறுபடி தட்டினார். ஒவ்வொரு சொல்லாக, ஒற்றை விரலால். குரல் கூடவே வந்தது: என். மனைவியைக். கேட்காமல். அவள். பாஸ்வேர்டை. என். தம்பிக்குக். கொடுத்தேன். போதும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் நிறுத்தவில்லை.

"கேட்டால். திட்டுவாள். என்று. பயம்" என்றது குரல். பிறகு, "அவளுக்கு. நான். ஒரு. உதவியும். செய்ததில்லை. செய்ய. ஆசை."

காய்கறி விலை சொல்வது போல, இழுப்பும் அழுகையும் இல்லாமல் அந்தக் குரல் அதைச் சொல்லிவிட்டு நின்றது. அப்டேட்டு மெல்ல நழுவிக் கூடத்துக்குப் போய்விட்டான். முதல்முறையாக ஒரு காரியத்தை யாரும் சொல்லாமலே சரியாகச் செய்தான்.

அவள் நாக்கில் எப்போதும் பத்துப் பதில் தயாராக இருக்கும். இப்போதும் இருந்தன. நாக்கு எடுத்துக் கொடுத்தது ஒரு புரூஃப் கேள்வியைத்தான். கோபம் போய்விட்டதா என்றால் இல்லை.

"கடைசியில முற்றுப்புள்ளி வச்சீங்களா?" என்று கேட்டாள்.

"வச்சேன்."

குரல் அதைச் சொல்லாது. பட்டையும் செத்துக் கிடக்கிறது. அவர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி 'அடுத்து' என்பதை அழுத்தினாள். அதை எந்த ஊரில் எவன் வாசிக்கப் போகிறானோ.

லாப்டாப் அணைந்து, எழுந்து, மறுபடி அணைந்தது. அவள் மேஜையை விட்டு நகரவில்லை. ஆறிப்போன காபியை அப்படியே குடித்தாள். பழைய மணி ஓசை கேட்டதும் பட்டையில் சரசரவென்று புள்ளிகள் எழும்பி விரல் நுனியைக் குத்தின. மீதிப் பாதியைத் தடவித் திருத்த ஆரம்பித்தாள். கையேட்டின் கடைசிப் பக்கத்தை அனுப்பியபோது ஆபீஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

மேனேஜரின் பதில் சீக்கிரமே வந்தது. திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளும்படி ஒரே வரி எழுதியிருந்தார். விரலை ஓட்டினாள். அந்த ஒரு வரியிலேயே ஒரு கமா தப்பு. இவர்கள்தான் அவளுக்குச் சோதனை வைத்தார்கள்.

அப்டேட்டு செருப்பை மாட்டிக்கொண்டு, வரேன் அண்ணி என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்காரர் காபி டம்ளரை எடுக்க வந்தார். எடுத்தும் போகாமல் நின்றார்.

"பாஸ்வேர்டை மாத்திட்டேன்" என்றாள்.

டம்ளர் மறுபடி மேஜையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா திட்ட மாட்டியா?"

"திட்டுவேன்" என்றாள். "திட்டிட்டுச் சொல்லுவேன்."