ஒட்டவைத்த மச்சம்

போட்டோ ஸ்டுடியோவின் வாசல் கண்ணாடிக்குள் ஒரே ஒரு பெரிய படம் மாட்டத்தான் இடம் உண்டு. அந்த இடத்தில் வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருப்பவள் பொம்மை. அவள் ஸ்டுடியோக்காரரின் அண்ணன் மகள். சொந்த மகளான பாப்பாவுக்கு அங்கே இடமில்லை. கடை அப்பாவுடையது, கேமரா அப்பாவுடையது, மூஞ்சி மட்டும் பெரியப்பா வீட்டுடையது. இந்த அநியாயத்தை நினைத்தால் பாப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது.

பொம்மை என்பது பட்டப்பெயர்தான், ஆனால் பொருத்தமான பெயர். கன்னம் அப்படி ஒரு வழுவழுப்பு. பாப்பாவைவிட மூன்றே மாதம் மூத்தவள், அதற்கே அக்கா என்று கூப்பிட வேண்டும். பாப்பாவின் இடது கன்னத்தில் பிறக்கும்போதே வந்த பழுப்பு மச்சம், சட்டைப் பொத்தான் அகலத்துக்கு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'காப்பிக்கறை' என்று பெயர். பெயர் வைத்தவன் மூஞ்சியில் கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டும். அவனெல்லாம் பெயர் வைக்க வந்துவிட்டான்.

அதைக்கூடப் பாப்பா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது போன மாதம் நடந்தது. பள்ளி அடையாள அட்டைக்காக அப்பா அவளைப் படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் திறந்தார். கடைக்கு வந்த யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே மௌஸை இரண்டு தட்டுத் தட்டினார். மச்சம் போயே போய்விட்டது. பருவோ தழும்போ, எந்த முகம் வந்தாலும் அவர் கை முதலில் அங்கேதான் போகும். அத்தனை வருஷப் பழக்கம். மகள் முகம், ஊரார் முகம் என்கிற வித்தியாசமெல்லாம் அந்தக் கைக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற பாப்பாவுக்குப் புரிந்தது ஒன்றுதான். அப்பாவுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் அட்டையைப் பார்த்த பள்ளி வாட்ச்மேன், "யாரும்மா இது, உங்க அக்காவா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, வாசலுக்குப் புதுப் படம் வேண்டுமென்று அப்பா பொம்மையை வரச் சொன்னார். இந்தத் தடவையாவது என்னைக் கேட்பார் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்த பாப்பாவின் கையில் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையைக் கொடுத்தார். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, உட்கார்ந்திருப்பவர் முகத்தில் விழ வேண்டும்.

"பாப்பா, இன்னும் கொஞ்சம் தூக்கு. அக்கா முகத்துல வெளிச்சம் பத்தல."

வயிறு பற்றி எரிகிறவளை வெளிச்சம் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? பாப்பா தூக்கினாள். கை வலித்தது. ஸ்டூலில் பொம்மை தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே சுளுக்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா டீ குடிக்கப் போன சமயம், பாப்பா கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டா இருந்தாள்? நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற வேலை, அவளுக்கு அத்துப்படி. அப்பா கை வைப்பதற்கு முந்தைய தன் படத்தைத் தேடி எடுத்தாள். அதிலிருந்து மச்சத்தை மட்டும் வெட்டி, பொம்மையின் இடது கன்னத்தில் ஒட்டினாள்.

"இப்ப சிரிடி பார்ப்போம்."

பொம்மை சிரித்தாள். கொஞ்சமும் கெடவில்லை, அதே அழகு. பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். அப்போதும் அழகு. வலது கன்னத்துக்கு மாற்றினாள், மூக்கின் மேல் வைத்தாள். மூக்கில் கொஞ்சம் கோமாளித்தனமாக இருந்தது, ஆனாலும் பார்க்கப் பிடித்தது. மறுபடி இடது கன்னத்துக்கே கொண்டுவந்து வெறித்துப் பார்த்தாள். இதே மச்சம்தானே என் மூஞ்சியிலும் இருக்கிறது? அப்புறம் நான் எதற்காக இத்தனை நாள் கண்ணாடி பார்க்காமல் தலை வாரிக்கொண்டேன்? இது யோசிக்க வேண்டிய விஷயம். யோசிப்பதற்குள் வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரத்தில் எதை அமுக்குகிறோம் என்று பார்க்காமல் சேமித்து மூடிவிட்டாள்.

வேலை முடிந்த படத்தை அப்பா இன்னொரு தடவை திறக்க மாட்டார். அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினார்.

பெரிய பிரிண்ட் வந்த அன்றைக்குப் பள்ளி விட்டதும் பொம்மை ஓடி வந்தாள். அப்பா சுருளை விரித்தார். கன்னத்தில் ஏதோ அழுக்கு என்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சித்தப்பா! சூப்பரா இருக்கு! இதையே மாட்டுங்க" என்று குதித்தாள் பொம்மை. "இனிமே நான் டெய்லி இப்படியே வெச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகப் போறேன்." அலங்கார மேஜையிலிருந்த புருவப் பென்சிலை எடுத்து, கண்ணாடியைப் பார்த்துத் தன் இடது கன்னத்தில் வட்டம் போட ஆரம்பித்தாள்.

திட்டு வாங்கத் தயாராக நின்ற பாப்பாவுக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ! இதுவரை பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

"அழி அதை! அது என்னோடது!"

"உனக்குத்தான் அது பிடிக்காதே. எத்தனை தடவை அழுதிருக்க?"

"அழுதா? அழுதா உனக்குக் குடுத்துட்டேன்னு அர்த்தமா?"

பாய்ந்துபோய்ப் பாவாடை நுனியால் பொம்மையின் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடம் சிவந்தது. பொம்மை "ஆ" என்றாள்.

"பாப்பா! படத்துல ஒட்டினது நீயா?" என்றார் அப்பா.

"ஆமா. நீங்க அழிச்சீங்க, நான் ஒட்டினேன்."

"நான் எங்க அழிச்சேன்?"

பாப்பா கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அப்பா அதை வாங்கிப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். அவருக்குச் சுத்தமாக ஞாபகமில்லை.

"கை பாட்டுக்குப் பண்ணிடுச்சு கண்ணு" என்றார் மெதுவாக. "நான் பார்க்கவே இல்ல."

"இப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பாப்பா ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். "வாசலுக்கு என்னை எடுங்க. அக்கா, அந்தத் தெர்மகோல் அட்டையைப் பிடி."

பொம்மை பிடித்தாள். வேறு வழி?

"அக்கா, இன்னும் கொஞ்சம் தூக்கு. வெளிச்சம் பத்தல."

அட்டைக்குப் பின்னால் பொம்மையின் மூஞ்சி உப்பியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பாப்பாவுக்கு வந்த சிரிப்பு, கேமராவுக்காக வரவழைத்த சிரிப்பே இல்லை.

அப்பா படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். பாப்பா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் கை தானாக மௌஸுக்குப் போனது, மௌஸ் தானாக இடது கன்னத்துக்குப் போனது, அங்கே நின்றது. அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நெத்தியில ஒரு பரு இருக்கே பாப்பா. அதை மட்டும் எடுத்துடவா?" என்று கேட்டார்.

பாப்பா குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"எடுத்துக்குங்க. அது நேத்து வந்தது."