யானையைத் தொட்ட கை

செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் யாருக்கு எதிரே யார் என்று அரங்கின் வாசலில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு எதிரே என் வீட்டுக்காரர். ஜெயித்தால் நகர அணியில் எனக்கு இடம். டிரா ஆனால்கூட இடம் இன்னொருவருக்குப் போய்விடும். அவருக்கு எப்படியும் வாய்ப்பில்லை.

அதனால் எனக்காக விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்றுதான் என் பயம். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். யார் திட்டினாலும் சிரித்துக்கொண்டே தேய்ப்பார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், வாய் சும்மா இருக்காது.

“விட்டுக்கொடுத்தீங்கன்னா அப்புறம் உங்ககூட பேசவே மாட்டேன்,” என்றேன்.

தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பிப் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். இதற்கு அவர் வீட்டில் எப்போதும் பிரெஞ்சு டிஃபென்ஸ்தான் ஆடுவார். சமையலறை மேசையில் அதை அக்குவேறு ஆணிவேறாக அலசி வைத்திருந்தேன். இன்றைக்குப் பார்த்து மனிதர் சிசிலியன் என்ற வேறு தொடக்கத்தை ஆடினார். எப்போது படித்தாரோ, கள்ளன். எனக்கு வியர்த்துக் கொட்டியது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு காஸ்லிங் செய்தார். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி, ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்துவது. போட்டியில் முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். யானையைத் தொட்டால் யானையை மட்டும்தான் நகர்த்தலாம். வீட்டில் நாங்கள் இருவருமே யானையைத்தான் முதலில் எடுப்போம், கேட்க யார் இருக்கிறார்கள்? பழக்கதோஷத்தில் அவர் கை யானையைத்தான் முதலில் தொட்டுவிட்டது.

நடுவர் வேறு மேசையில் இருந்தார். நான் ஒரு காயைத் தொட்டுவிட்டால் கேட்கும் உரிமை போய்விடும். இத்தனை நன்றாக ஆடுகிறவரை மாட்டிவிட மனம் வரவில்லை. ஆனால் சும்மா இருந்தால் விட்டுக்கொடுத்தது நானல்லவா?

கையைத் தூக்கினேன். நடுவர் வந்து விசாரித்ததும் அவர் ஒப்புக்கொண்டு, யானையை மட்டும் நகர்த்தினார். அவருடைய ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே தொட்டிருப்பாரோ? நினைத்ததும் எரிச்சல் பற்றிக்கொண்டது. அந்த எரிச்சலிலேயே நானும் காஸ்லிங் செய்யக் கையை நீட்டினேன், நேராக யானையை நோக்கி. சட்டென்று நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

அவர் கை நடுவரைக் கூப்பிடப் பாதி உயர்ந்திருந்தது.

சந்தேகம் போயே போய்விட்டது. ராஜாவை எடுத்து வைத்தேன், அப்புறம் யானையை. அவருடைய ராஜாவைத் துரத்திப் பிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

வெளியே வந்ததும் அவர் பெருமூச்சு விட்டார்.

“ஒரு விரல் பட்டிருந்தா போதும், உன்னை மாட்டியிருப்பேன்.”

அவர் குரலில் அவ்வளவு ஏமாற்றம். எனக்கு அவர்மேல் ஆசை ஆசையாக வந்தது.